ஒன்பது வாட்ஸ்அப் குழுவில் இருந்தும் சந்தேகம் கேட்க ஓர் ஆள் இல்லை என்றால்

"கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகப்போகிறது, ஒன்பது வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன், பொழுது விடிந்தால் செய்தி குவிகிறது, ஆனால் நாளைக்கு வகுப்பில் என்ன செய்வது என்பதற்கு ஒன்றிலும் வழி இல்லை. ஆசிரியர்களின் இணையக் குழுக்களால் உண்மையில் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா, நானே ஒன்று தொடங்கினால் எடுபடுமா, அனுமதி வாங்க வேண்டுமா, வாட்ஸ்அப் நல்லதா டெலிகிராமா?" இவ்வளவும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் இதற்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: பக்கத்தில் கேட்க ஆளில்லாத ஊரில், "இதுகூடத் தெரியாதா" என்று நினைக்காத நாலு பேரை எங்கே கண்டுபிடிப்பது? அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். எந்தச் செயலி என்பதற்குக் கடைசியில் வருகிறேன், அது சின்ன விஷயம்.

நான் பாலக்கோட்டுக்காரன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் பயிற்றுநராகச் சில ஆண்டுகள் தளி, கெலமங்கலம் ஒன்றியங்களில் பள்ளி பள்ளியாகப் போய்வந்துவிட்டு, இப்போது பட்டதாரி ஆசிரியராக ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஆக, நான் சொல்வது தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக்குத்தான். மேல்நிலை வகுப்போ தனியார் பள்ளியோ எனக்குப் பழக்கமில்லாத இடம், அங்கேயும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஒன்பது குழுக்களை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒன்றியக் குழு, பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மையக் குழு, தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டக் குழு, பள்ளி, மாணவர் விவரம் ஏற்றும் எமிஸ் தளப் பதிவுக்கு ஒரு குழு, சங்கக் குழு ஒன்றோ இரண்டோ, உங்களோடு பணி நியமனம் பெற்றவர்கள் குழு, உடன் படித்தவர்கள் குழு, அப்புறம் எதற்கு என்றே தெரியாமல் யாரோ சேர்த்துவிட்ட ஒன்று. இவற்றில் கற்றல் நடக்கவில்லை என்றால் அதற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை. மேலிருந்து சுற்றறிக்கை இறங்கவும், கீழிருந்து புள்ளிவிவரம் ஏறவும்தான் அவற்றைத் தொடங்கினார்கள். "மிக மிக அவசரம்" என்று ஒரு பிடிஎஃப், அதன் கீழே இன்னும் பதிவேற்றாத பள்ளிகளின் பட்டியல், அதற்கும் கீழே "முடித்துவிட்டோம் ஐயா", "முடிக்கப்பட்டது ஐயா" என்று வரிசையாக இருபது பேர். நடுவில் ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். அந்த வேலைக்கு அந்தக் குழு போதும், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அதே குழுவில் வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் "என் மூன்றாம் வகுப்பில் நாலு பேருக்கு இன்னும் எழுத்தே பிடிபடவில்லை, என்ன செய்யலாம்" என்று யார் எழுதுவார்கள்? எழுதினால் அடுத்த வாரப் பள்ளிப் பார்வை யாருக்கு என்று தெரியாதா? நான் பயிற்றுநராக இருந்தபோது நானே அட்மினாக இருந்த குழுவிலும் இதே கதைதான். குழு மயான அமைதியாக இருக்கும், எனக்குத் தனிச் செய்தியில் சந்தேகமாக வந்து விழும். கேட்கிற ஆசை இல்லாமலில்லை, நாலு பேர் முன்னால் கேட்பதற்குத்தான் பயம். அதனால் என் முதல் கருத்து, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: ஆண்டு மதிப்பீடு செய்யும் இடத்தில் இருக்கும் ஒருவர் உள்ளே இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அது கற்கும் குழு ஆகாது.

இணையப் பாடங்களின் கதை வேறு. மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா 2019-ல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கி, 2020-ல் கொரோனா காலத்தில் திக்ஷா தளத்துக்கு மாறியது. தொடக்கநிலைக்கு 18 தொகுதிகள். உள்ளடக்கம் மோசம் என்று சொல்ல மாட்டேன், சில தொகுதிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் காணொளியை ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் குழம்பு தாளித்தவர்களும், வினாடி வினா விடைகளைக் குழுவில் வாங்கிச் சான்றிதழ் எடுத்தவர்களும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். திருப்பிக் கேள்வி கேட்க முடியாத பாடம் அது. உங்கள் வகுப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இன்னொரு வகை இருக்கிறது, ஆர்வமுள்ள ஆசிரியர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் குழுக்கள். இவற்றைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம், ஏனென்றால் பக்கத்தில் வந்து தவறவிடுகிறார்கள். ஒருவர் தெர்மாகோலில் அழகாக ஒரு துணைக்கருவி செய்து படம் போடுவார். கீழே "அருமை சார்", "வாழ்த்துகள் டீச்சர்", கைதட்டும் படங்கள். பாராட்டு தேவைதான், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் "இதை வைத்து நடத்தியதில் யாருக்குப் புரியவில்லை, அவர்கள் என்ன கேட்டார்கள்" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அது பொறாமையாகப் பார்க்கப்படும். பாராட்டு மட்டுமே செல்லுபடியாகும் இடத்தில், சரியாக வராத வகுப்பைக் கொண்டுவந்து வைக்க யாருக்கும் மனம் வராது.

சரி, எதுதான் வேலை செய்கிறது? நான் பார்த்ததில் ஒன்றுதான். குழுவின் நடுவே பிள்ளையின் நோட்டில் ஒரு பக்கத்தை வைப்பது. பாடத்திட்டம் வேண்டாம், காணொளி வேண்டாம், அலங்கரித்த வகுப்பறைப் படம் வேண்டாம். தவறாகப் போட்ட ஒரு கணக்கு, விட்டுவிட்டு எழுதிய ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே. நான் இருக்கும் சின்னக் குழுவில் ஒரு டீச்சர் நான்காம் வகுப்புப் பையன் போட்ட கழித்தல் கணக்கைப் படம் எடுத்துப் போட்டார், பெயர் தெரியாமல் மறைத்துத்தான். 402-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். பையன் போட்ட விடை 376. "பூச்சியம் வந்தா கடன் வாங்கறது எப்படின்னு வாரக்கணக்கா சொல்லிட்டேன், மறுபடியும் இதேதான் பண்றான்" என்று எழுதியிருந்தார். முதலில் வந்த பதில்கள் நாம் எல்லோரும் சொல்லக்கூடியவைதான்: அடிப்படை இல்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கணும், இன்னும் பத்துக் கணக்கு கொடுங்க. அப்புறம் ஒருவர் மட்டும், "எப்படிப் போட்டான்னு அவன் வாயாலேயே சொல்லச் சொன்னீங்களா டீச்சர்?" என்று கேட்டார். சொல்லச் சொல்லவில்லை. மறுநாள் கேட்டிருக்கிறார். பையன் சொன்னது இது: "எட்டுல ரெண்டு போனா ஆறு, ஏழுல ஒண்ணுமில்ல போனா ஏழு, நாலுல ஒண்ணு போனா மூணு." அதாவது எது மேலே, எது கீழே என்பதே அவன் கணக்கில் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதை எடுக்கிறான்.

இப்போது அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சார் எழுதினார்: "பூச்சியம் இல்லாத கணக்கு ஒண்ணு குடுத்துப் பாருங்க, 52-ல 38. 14 வந்தா அவன் பூச்சியத்துலதான் மாட்டிக்கிறான். 26 வந்தா பூச்சியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." கொடுத்தார். 26 வந்தது. வாரக்கணக்காகப் பூச்சியத்தை வைத்து அவர் நடத்தியதெல்லாம் அந்தப் பையனின் பிரச்சினைக்குப் பக்கத்துத் தெருவில் நடந்திருக்கிறது. அடுத்த யோசனையும் அதே சாரிடமிருந்துதான்: பத்து ரூபாய்த் தாள் ஐந்து, ஒரு ரூபாய் இரண்டு கையில் கொடுத்து, 38 ரூபாய்க்குச் சாமான் வாங்கச் சொல்லுங்கள். பையன் தக்காளி மண்டிக்கு அப்பாவோடு போய்வருகிறவன். நோட்டைத் தொடாமல், "முப்பத்தெட்டுக்கு மேல ரெண்டு நாப்பது, அதுக்கு மேல பன்னண்டு, பதினாலு ரூவா மிச்சம்" என்று சொல்லிவிட்டான். மண்டியில் தெரிந்த கணக்குக்கும் நோட்டில் போடும் கணக்குக்கும் நடுவில் அவனுக்குத் தொடர்பே இருந்ததில்லை. பத்து ரூபாய்த் தாளை மாற்றுவதுதான் "கடன் வாங்குவது" என்று காட்டுவதற்கு அதன் பிறகு ரொம்ப நேரம் ஆகவில்லை.

இந்தத் தவறு ஒன்றும் புதிதில்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே கழித்தலில் பிள்ளைகள் செய்யும் இப்படிப்பட்ட தவறுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்: பிள்ளைகள் கண்டபடி தவறு செய்வதில்லை, பெரும்பாலும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு தப்பான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரையை அந்த டீச்சருக்கு அனுப்பியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. 26 என்று அவர் கண்ணால் பார்த்ததுதான் நடந்தது. அதற்கு ஓர் ஆள் கேள்வி கேட்டார், இன்னோர் ஆள் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு கொடுத்தார். யாரும் ஒரே நேரத்தில் இணையத்தில் உட்காரவும் இல்லை. உங்கள் பக்கம் மலைக்குள் சிக்னல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஜூம் கூட்டம் தேவையே இல்லை. ஒரு படம், இரண்டு குரல் பதிவு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் போய்ச் சேரும். பதில் மறுநாள் வந்தாலும் பிள்ளை அங்கேதான் இருப்பான்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ மருந்து விற்பது போல ஆகிவிடும். ஒருநாள் பயிற்சி கொடுத்து அனுப்புவதைவிட, ஆசிரியரின் சொந்த வகுப்பை வைத்துத் தொடர்ந்து கூட இருந்து உதவுவது பாடம் நடத்தும் விதத்தை மாற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கிராஃப்ட், பிளேசர், ஹோகன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2018-ல் இப்படிப்பட்ட 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் விதத்தில் தெளிவான முன்னேற்றம், மாணவர் மதிப்பெண்ணில் அதைவிடக் குறைவான முன்னேற்றம். நேரில் வந்து உதவியதற்கும் இணையம் வழியாக உதவியதற்கும் தெளிவான வேறுபாடு அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் தேய்ந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னது நமக்கு முக்கியம். அதே சமயம், அவை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை, பழக்கப்பட்ட ஒரு வழிகாட்டி ஓர் ஆசிரியரோடு வேலை செய்தவை. ஐந்து வகுப்பையும் இரண்டு அறையில் வைத்திருக்கும் பள்ளிக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

உறுதியில்லாதது எது என்றால், ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவால் மட்டுமே பிள்ளைகளின் கற்றல் உயரும் என்பது. 2007-ல் யூன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்ததில், மாணவர் கற்றலில் அதன் விளைவைச் சரியான முறையில் அளந்தவை என்று தேறியது 9 மட்டுமே. இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எங்கள் தளத்தில் சேர்ந்தால் மாணவர் தேர்ச்சி இத்தனை விழுக்காடு கூடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். குழுவால் உங்களுக்கு நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்லக்கூடியது, அதுவும் அனுபவத்தை வைத்துத்தான், கேள்வியை நல்ல கேள்வியாக மாற்றும் பழக்கமும், "எனக்கு மட்டும்தான் வரலையோ" என்ற அரிப்பு குறைவதும். இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் கூட இருப்பவர் பயிற்சிக்கோ வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலைக்கோ போய்விட்டால் நாள் முழுக்க ஐந்து வகுப்போடு நீங்கள் ஒருவர்தான்.

எத்தனை பேர் வேண்டும்? வாட்ஸ்அப் 1,024 பேர் வரை விடுகிறது. உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். கூட்டம் பெருத்தால் "வேறு யாராவது சொல்வார்கள்" என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். பெரிய இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேடிக்கை பார்ப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுபவர்கள், ஒருவர்தான் ஓயாமல் பேசுபவர் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்கு எழுதினார். கறாரான விதி இல்லை, ஆனால் நம் சங்கக் குழுக்களைப் பார்த்தால் அவர் நம்மூருக்கு வந்துபோனாரோ என்று தோன்றும். வேடிக்கை பார்ப்பது வீண் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-ல் சொன்னது இதுதான்: தொழிலுக்குப் புதிதாக வருபவர் ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் நடுவுக்கு வருகிறார். ஆறு மாதம் வாயே திறக்காத ஒரு டீச்சர், திடீரென்று ஒருநாள் எல்லோரையும்விட நல்ல கேள்வியோடு வருவார். அதற்குள் அவரை "செயல்படாத உறுப்பினர்" என்று நீக்கிவிடாமல் இருந்தால் சரி.

யாரைச் சேர்ப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒருமுறையாவது நேரில் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். முகம் தெரியாதவர் முன்னால் நம் வகுப்பின் தோல்வியை வைக்க மாட்டோம். குறுவள மையக் கூட்டத்தில் டீ இடைவேளையில் பேச்சுக் கொடுங்கள். "உங்க பள்ளியில ஒண்ணாவதையும் ரெண்டாவதையும் சேர்த்து எப்படி உட்கார வைக்கிறீங்க" என்று கேட்டால் யார் கண் விரிகிறதோ அவர் உங்கள் ஆள். ஒரே குறுவள மையத்தில் எல்லோரையும் பிடிக்க வேண்டாம். பக்கத்துப் பள்ளி என்றால் ஒப்பீடு வரும், பேச்சு ஊருக்குள் சுற்றும். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம், ஒகேனக்கல் வழியாக அந்தப்பக்கம் இறங்கினால் பென்னாகரம் ஒன்றியம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான். காட்டுக்கு இந்தப்பக்கம் உள்ள பள்ளிகளுக்கும் அந்தப்பக்கம் உள்ள பள்ளிகளுக்கும் பிரச்சினை ஒன்றே: ஓர் அறையில் பல வகுப்பு, வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்களோடு பாதி ஆண்டு காணாமல் போகும் பிள்ளைகள், நேரத்துக்கு வராத பேருந்து. மாவட்டம் வேறு என்பதால் அதிகாரியும் வேறு, பேசுவதற்குக் கூச்சமும் குறைவு. ஒரு சனிக்கிழமை காவேரிப்பட்டணத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒருமுறை கூடிவிட்டால் போதும்.

நேரில் பார்ப்பதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் அட்டைகளை வைத்து ஏணிப்படி போலப் படிப்படியாகத் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றலின் கதை மனதில் இருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய்ப் பார்த்து, அட்டைகளைத் தங்கள் கையால் உருவாக்கினார்கள். 2007-08-ல் மாநிலம் முழுவதும் போனது. மாநிலம் முழுவதும் போனபோது பல இடங்களில் ஏணியும் அட்டையும் போய்ச் சேர்ந்தன, ஏன் அந்த அட்டை அந்த இடத்தில் இருக்கிறது என்பது போய்ச் சேரவில்லை. இது என் கணிப்பு. அந்தக் காலத்தில் அருமையாக நடத்திய பள்ளிகளும் இருந்தன, மறுக்கவில்லை.

உங்கள் பக்கத்துக்கென்றே குழுவால் ஆகக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, இதை வேறு எந்தப் பயிற்சியும் செய்து தராது. தளி, ஓசூர், வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள்தான் பல வகுப்புகளில் அதிகம். புதிதாக வரும் டீச்சர் விழுப்புரத்துக்காரரோ கள்ளக்குறிச்சிக்காரரோ. "வீடு" என்று படத்தைக் காட்டினால் ஒரு பிள்ளை மனெ என்கும், இன்னொன்று இல்லு என்கும், இரண்டும் சரியான விடைதான், ஆனால் டீச்சருக்கு விளங்காது. நாங்கள் செய்தது சுலபம். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு டீச்சர்கள், முதல் வகுப்புக்குத் தேவையான சொற்களையும், "இங்க வா", "உட்காரு", "வயிறு வலிக்குதா", "யார் அடிச்சா" போன்ற வாக்கியங்களையும் மூன்று மொழியிலும் குரல் பதிவாகப் போட்டார்கள். எழுத்தில் போட்டால் உச்சரிப்பு கெடும், குரலில் கெடாது. புதிதாக வந்தவர்கள் பேருந்தில் வரும்போது கேட்டுக்கொண்டே வருவார்கள். இதைப் பார்த்து வேறொருவர் இருளர் குடியிருப்பில் பிள்ளைகள் பேசும் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். தமிழ் நடத்துவதற்கு இது தடை இல்லையா என்று அப்போது ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். பிள்ளை வாயைத் திறந்தால்தானே தமிழ் நடத்த முடியும் என்பது என் பதில்.

ஒழுங்கு பற்றிக் கொஞ்சம். வாரத்துக்கு ஒருவர் முறை, அவர் ஒரு நோட்டுப் பக்கம் போட வேண்டும், மற்றவர்கள் முதல் நாள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், யோசனை மறுநாள்தான் என்று வைத்துக்கொண்டோம். இந்த ஒரு விதி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் 402-க்கு விதியை மறந்து வந்த முதல் மூன்று பதிலோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். சுற்றறிக்கை, அகவிலைப்படி, மாறுதல் கலந்தாய்வு, சிபிஎஸ் ஓய்வூதியம் எதுவும் இதில் வரக்கூடாது. அவை தேவையில்லாதவை என்பதால் இல்லை, அவை வந்தால் நோட்டுப் பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால். இரவு எட்டுக்கு மேல் பதில் எதிர்பார்க்கக் கூடாது, வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். அப்புறம், முறை வந்தவர் போடவில்லை என்றால் குழுவில் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டு "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா" என்று விசாரியுங்கள். குழு நடத்துவதில் பாதி வேலை இந்தத் தனிப்பேச்சுதான், இதை எந்தச் செயலியும் செய்யாது.

பிள்ளையின் முகம், பெயர், எமிஸ் எண், சாதி, வீட்டுச் சங்கதி எதுவும் குழுவுக்குள் போகக் கூடாது. இதில் தளர்வே வேண்டாம். நோட்டைப் படம் எடுக்கும்போது அட்டையில் உள்ள பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ ஏதாவது கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் அதைக் குழுவில் ஆலோசிக்கவே கூடாது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தலைமையாசிரியருக்கும் உடனே போக வேண்டிய விஷயம் அது. இன்னொன்று, நாம் அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-க்குக் கட்டுப்பட்டவர்கள். பத்துப் பேர் மட்டும்தானே என்று அரசையோ அதிகாரியையோ திட்டி எழுதினால் ஸ்கிரீன்ஷாட் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்; பத்து ஆசிரியர்கள் கழித்தல் கணக்கைப் பற்றிப் பேசிக்கொள்ள எழுத்தில் அனுமதி எதற்கு என்பதுதான் என் எண்ணம். ஆனால் குழுவுக்குத் துறையின் பெயரையோ ஒன்றியத்தின் பெயரையோ வைக்காதீர்கள், அரசு முத்திரையைப் படமாக வைக்கவே வைக்காதீர்கள், தலைமையாசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவையுங்கள்.

வெளியே கிடைக்கும் நல்ல சரக்கையும் நோட்டுப் பக்கத்தோடு சேர்த்தால்தான் பயன். வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைத் தமிழ்க் கதை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2015-லிருந்து இருக்கும் தளம், வாசிப்பு நிலை வாரியாகக் கதைகள், திறந்த உரிமம் என்பதால் அச்செடுத்து வகுப்பில் கொடுக்கலாம். அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற, திரையில் சோதனை செய்து பார்க்கும் செயல்முறைகள் தமிழிலும் உண்டு, இறக்கிவைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் ஓடும். ஆனால் "பயனுள்ள 50 இணைப்புகள்" என்று மொத்தமாக யாராவது கொட்டினால் அதை ஒருவரும் திறக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை, ஒரு சிக்கல், அதற்கு ஒரு கதை. அப்படி வந்தால்தான் நிற்கிறது.

குழு அவ்வப்போது படுத்துக்கொள்ளும், அதற்குத் தயாராக இருங்கள். ஜூன் முழுக்கச் சேர்க்கை, அரையாண்டுத் தேர்வு நேரம், தேர்தல் வேலை வந்துவிட்டால் இரண்டு மாதம் சத்தமே இருக்காது. செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று தொடங்காதீர்கள், அதே குழுவில் நீங்களே ஒரு நோட்டுப் பக்கம் போடுங்கள், இரண்டு பேர் வருவார்கள். இரண்டு பேர் போதும்.

கடைசியாக, வாட்ஸ்அப்பா டெலிகிராமா. டெலிகிராமில் கைபேசி எண்ணை மறைத்துக்கொள்ளலாம், பெண் ஆசிரியர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பழைய பேச்சைத் தேடி எடுப்பதும் அங்கே சுலபம். "#கழித்தல்" என்று குறியிட்டு வைத்தால் அடுத்த ஆண்டு கைகொடுக்கும். வாட்ஸ்அப்பின் ஒரே பலம், அது எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது, தினமும் திறக்கிறார்கள். ஆனால் நோட்டுப் பக்கம் அங்கே எமிஸ் நினைவூட்டலுக்கும் ரோஜாப்பூவுக்கும் நடுவில் வந்து நிற்கும். பத்துப் பேரும் சம்மதித்தால் டெலிகிராமில் தொடங்குங்கள். இரண்டு பேராவது முகம் சுளித்தால் வாட்ஸ்அப்பிலேயே இருந்துவிடுங்கள், பாதியில் மாற்றினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அப்படி இருந்தால், நல்ல பேச்சுகளை மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் ஒரு கூகுள் டாக்ஸில் எடுத்து ஒட்டிவைக்க வேண்டும், அந்த வேலையை முதல் மாதம் நீங்களே செய்யுங்கள்.